ஸ்விஃப்ட் ஸ்போர்ட்: 32 மேனுவல், 33 மேனுவல், 33 ஓட்டோ. தினமும் வெள்ளவத்தை–கோட்டை ஓட எது?

கடற்கரை_லேன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஒன்று எடுப்பதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. எந்த மொடல் என்பதில்தான் இழுபடுகிறேன்.

பார்த்து வைத்திருப்பவை மூன்று. ஒன்று 2014ஆம் ஆண்டு இஸட்சி32எஸ் (32 என்று நான் சொல்வது இதைத்தான்), ஆறு கியர் மேனுவல். மற்ற இரண்டும் அதற்கு அடுத்து வந்த 2018 இஸட்சி33எஸ், அதாவது 33. அதில் ஒன்று மேனுவல், ஒன்று ஓட்டோ. மூன்றும் ஜப்பானிலிருந்து வந்தவை. 33 இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, 32 அவற்றைவிட நன்றாகக் குறைவு. 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள் என்பதால் பழைய கார்களின் விலை இன்னும் இறங்கி வரவில்லை. அதை இங்கே பேசிப் பயனில்லை, கையில் உள்ள காசுக்கு மூன்றும் எட்டும்.

என் ஓட்டம் இப்படி. காலையில் வெள்ளவத்தை லேனிலிருந்து கிளம்பி, மகளைப் பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, கோட்டையில் வேலைக்கு. பின்னேரம் அதே வழியால் திரும்பல். எட்டுக் கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும் நாளும் உண்டு. பள்ளி விடுமுறை வந்தால் யாழ்ப்பாணம், கொக்குவிலில் அம்மா வீடு.

யோசிக்க வைப்பவை இரண்டு. எங்கள் அடுக்குமாடியில் கார் நிறுத்துவது நிலக்கீழ்த் தளத்தில், இறங்கும் சரிவு நல்ல செங்குத்து. மற்றது என் கணவர். அவர் ஓட்டோவில் பழகியவர், கிளட்ச் மிதித்ததே இல்லை. நான் அப்பாவின் மொரிஸ் மைனரில் கொக்குவில் ஒழுங்கைகளில் பழகியவள். கியர் மாற்றிப் போவது எனக்குப் பாரமே இல்லை, ஓட்டுகிற உணர்வு எனக்கு அதில்தான் இருக்கிறது. இப்போது ஓடுவது வேகன் ஆர். குறை சொல்ல முடியாத கார், ஆனால் இறங்கும்போது ஓட்டியதே மனதில் நிற்பதில்லை.

நான் கேட்பது இதுதான். காலி வீதியில் ஊர்ந்து போகும் ஒரு காரில், அந்த ‘ஸ்போர்ட்’ என்பது எந்த மொடலில் மிஞ்சும்? மலைநாட்டு வளைவில் எது வேகம் என்று யூடியூபில் நிறையப் பார்த்துவிட்டேன். காலை நேர கொள்ளுப்பிட்டிச் சந்தியைப் பற்றி யாரும் சொல்வதில்லை.


பேஸ்லைன்_பயணி எழுதியது:

ஓட்டோ. வேறு யோசிக்கவே வேண்டாம்.

நான் மேனுவல் கார் வைத்து பேஸ்லைன் வீதியில் தினமும் ஓடியவன். முதல் வருடம் ஆசையாக இருந்தது. பிறகு பொரளைச் சந்தியில் நிற்கும்போதெல்லாம் இடது காலைத்தான் நினைத்தேன். விற்றுவிட்டு ஓட்டோ எடுத்த பிறகு வேலைக்குப் போய்ச் சேரும்போது ஆளாக இருக்கிறேன். கொழும்புக்குள் மேனுவல் எடுப்பதற்கு ஒரு காரணம் கூட எனக்குத் தெரியவில்லை.


பழைய_ஸ்பானர் எழுதியது:

தங்கச்சி, நான் தெஹிவளையில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். 32, 33 இரண்டும் கையில் வந்து போகின்றன, என் சொந்த ஓட்டத்துக்கு வைத்திருப்பது 33 மேனுவல். கியர் கதையைப் பிறகு பார்ப்போம். முதலில் 32-ஆ 33-ஆ என்பதை முடித்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் ஓட்டத்துக்கு அதுதான் பெரிய கேள்வி.

தாளில் பார்த்தால் 32-க்கு 136 குதிரைவலு, 33-க்கு 140. நாலு குதிரைக்கு இவ்வளவு காசா என்று கேட்டு 32-ஐ எடுத்துப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்க்காமல் விட்டது டோர்க்கை, அதாவது எஞ்சினின் முறுக்கு விசையை. 32-இல் இருப்பது டர்போ இல்லாத 1.6 லீற்றர் எம்16ஏ எஞ்சின். அதன் உச்ச டோர்க் 160 நியூட்டன் மீற்றர், அதுவும் 4,400 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை). 136 குதிரையும் வேண்டுமென்றால் 6,900 வரை முடுக்க வேண்டும். 33-இல் இருப்பது 1.4 லீற்றர் டர்போ, கே14சி. அது 2,500 ஆர்பிஎம்மிலேயே 230 நியூட்டன் மீற்றரைத் தந்துவிடுகிறது, 3,500 வரை அப்படியே பிடித்துக்கொள்கிறது. பாரமும் குறைவு. மேனுவல் 33 வெறும் 970 கிலோ, 32 மேனுவல் 1,050.

இதைக் காலி வீதியில் வைத்துப் பாருங்கள். முன்னால் 101 பஸ் ஒன்று. நீங்கள் இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கிறீர்கள், முள் 1,800-இல் நிற்கிறது. பஸ் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் தரிப்பில் ஒதுங்குகிறது, வலப்பக்கம் ஒரு கார் நீளத்துக்கு இடம் திறக்கிறது. 33-இல் வலது காலைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், கியரைத் தொடாமலே அந்த இடத்துக்குள் போய்விடலாம். 32-இல் அதே இடத்தில் அழுத்தினால் சத்தம் முதலில் வரும், இழுவை பிறகு வரும். கெதியாகப் போக வேண்டுமென்றால் முதலாம் கியருக்கு இறக்க வேண்டும். அதற்குள் இடம் போய்விடும். 32-இன் நல்ல பாதி 4,000-க்கு மேலே இருக்கிறது. வெள்ளவத்தைக்கும் கோட்டைக்கும் நடுவில் நீங்கள் அங்கே போவதே இல்லை. 33-இன் நல்ல பாதி நீங்கள் காலை முழுக்க இருக்கும் இடத்திலேயே இருக்கிறது.

அதனால் ஸ்போர்ட் எதில் மிஞ்சும் என்று கேட்டதற்கு என் பதில் 33. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இனி கியர். 32-இல் ஓட்டோ என்றால் அது சிவிடி, கியர்ப் படிகளே இல்லாத வகை. 33-இல் ஓட்டோ என்றால் டோர்க் கொன்வேர்ட்டர் வைத்த உண்மையான ஆறு கியர். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டு ‘ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஓட்டோ ரப்பர் மாதிரி இழுக்கும்’ என்று எழுதுகிறார்கள். அது 32-இன் கதை, 33-க்குப் பொருந்தாது. 33 ஓட்டோவில் கீழ் ஆர்பிஎம் டோர்க் இருப்பதால் அது கியரைத் தேடி அலைவதில்லை, ஸ்டியரிங்கில் இருந்தே விரலால் கியர் மாற்றும் பேடில் ஷிஃப்டும் இருக்கிறது.

ஆனாலும் ஐந்து நாளும் ஓட்டப் போவது நீங்கள், மேனுவலில் வளர்ந்த ஆள். 33-இன் கிளட்ச் நல்ல இலகு. முன் காரை முட்டிக்கொண்டு நிற்காமல் ஒரு கார் இடம் விட்டு, முதலாம் கியரில் அக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஊரவிட்டால் கால் அவ்வளவு நோகாது. இடம் விட்டால் த்ரீவீல் நுழையும். நுழையட்டும், அதனால் உங்கள் நேரம் ஒன்றும் கூடப் போவதில்லை.

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: வேகன் ஆரை வைத்துக்கொள்ளப் போகிறீர்களா, விற்கப் போகிறீர்களா? வைத்துக்கொள்வதென்றால் 33 மேனுவல். விற்பதென்றால் நான் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.


கொட்டாஞ்சேனை_32 எழுதியது:

ஸ்பானர் அண்ணாவின் கணக்கு சரி. ஆனால் 32-க்காக ஒருவராவது பேச வேண்டும்.

நான் 32 மேனுவல் வைத்திருக்கிறேன், விற்கும் எண்ணம் இல்லை. டர்போ இல்லாத எஞ்சினில் வலது கால் சொல்வதை அது அந்தக் கணமே கேட்கும். எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு, கூடவும் இல்லை குறையவும் இல்லை. ரம்பொடைப் பக்கம் ஏறும்போது மூன்றாம் கியரில் 5,000 தாண்டி முள் ஏறும் அந்த ஓட்டம் 33-இல் கிடையாது. 33 அங்கே வேகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 5,500-இல் அதன் மூச்சு முடிந்துவிடும். மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி பார்க்க நுவரெலியாவுக்குப் போவது எனக்கு வழக்கம். போகிற வழியே எனக்குப் போட்டியைப் போல முக்கியம்.

பராமரிப்பிலும் 32 நிம்மதி. டர்போ இல்லை, நேரடி எரிபொருள் செலுத்தல் இல்லை. சாதாரண எஞ்சின், எந்த நல்ல மெக்கானிக்கும் கை வைக்கலாம். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சாமான் தேடினாலும் அகப்படும்.

அக்கா, உங்கள் ஓட்டத்துக்கு 33 என்றே நானும் சொல்வேன். ஆனால் விலை குறைவு என்பதால் 32 கீழ்ப்படி என்று நினைக்க வேண்டாம். மலைநாட்டில் வீடு இருந்திருந்தால் என் பதில் வேறு.


கடற்கரை_லேன் எழுதியது:

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. ஸ்பானர் அண்ணா, அந்த 101 பஸ் விளக்கத்தைப் படித்த பிறகு இன்று காலை வேகன் ஆரில் ஆர்பிஎம் முள்ளையே பார்த்துக்கொண்டு போனேன். நீங்கள் சொன்னபடிதான், 2,500-ஐத் தாண்டிய இடங்கள் மிகச் சில. 32-ஐப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். கொட்டாஞ்சேனைத் தம்பி, உங்கள் காரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் அதை எடுப்பது கஷ்டமாக இருந்தது.

வேகன் ஆரை விற்க வேண்டும். எங்களுக்கு ஒரு கார் நிறுத்தும் இடம்தான் உண்டு. லேனில் விட முடியாது, ஒரு பக்கம் குப்பை லொறி திரும்ப இடம் வேண்டும், மறுபக்கம் கடற்காற்று. இரவில் வெளியே விட்ட காரின் பிரேக் டிஸ்க் காலையில் செம்மஞ்சளாக இருக்கும், மரைன் டிரைவ் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அப்படியென்றால் மேனுவல் எடுத்தால் கணவர் ஓட்ட முடியாது. கொழும்புக்குள் அது பிரச்சினையே இல்லை, அவர் ரயிலில் போய் வருபவர். யாழ்ப்பாணப் பயணத்தில்தான் இடிக்கிறது. இப்போது அநுராதபுரம் வரை நான், அதற்குப் பிறகு அவர் என்று மாற்றி மாற்றித்தான் ஓடுகிறோம். ‘உனக்குப் பிடித்ததை எடு, நான் பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டு வருகிறேன்’ என்கிறார். அப்படிச் சொல்வதுதான் எனக்கு இன்னும் யோசனை.


ரத்மலானை_பின்கதவு எழுதியது:

நான் 33 ஓட்டோ வைத்திருக்கிறேன், ரத்மலானையிலிருந்து நாவல வரை தினமும். இரண்டு பிள்ளைகள். யாரும் சொல்லாத சில விஷயங்களைச் சொல்கிறேன்.

33-இன் பின்கதவுக் கைப்பிடி கதவில் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால், மேலே, தூணோடு சேர்த்து ஒளித்து வைத்திருக்கிறார்கள். பார்க்க மூன்று கதவுக் கார் போல வடிவாக இருக்கும். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாது. பள்ளி வாசலில் பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடிக்கும்போது நான் இறங்கி ஓடிப் போய்த் திறக்க வேண்டியிருந்தது. இப்போது மூத்தவளுக்கு எட்டுகிறது, அவள் தம்பிக்கும் சேர்த்துத் திறக்கிறாள். உங்கள் மகளுக்கு எத்தனை வயது என்று நீங்கள் சொல்லவில்லை. வாங்க முன் அவளையும் கூட்டிப் போய் ஒருமுறை திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

பாதுகாப்புப் பக்கேஜ் உள்ள காராக இருந்தால் முன் கண்ணாடியில் கமெரா இருக்கும். ரோட்டில் லேன் கோடு தாண்டினால் சத்தம் போடும். காலி வீதியில் யார் கோட்டுக்குள் ஓடுகிறார்கள்? லேன் எச்சரிக்கையை நிறுத்தி வைத்துவிட்டேன், பிரேக் உதவியை மட்டும் நிறுத்தவில்லை. முன்னால் போன மோட்டார் சைக்கிள் திடீரென நின்றபோது அந்தச் சத்தம் எனக்கு உண்மையிலேயே உதவியது. அதோடு வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் குரூஸ் கொன்ட்ரோலும் வரும், அதிவேகப் பாதையில் 100-இல் வைத்துவிட்டுப் போக நல்ல சுகம்.

ஓட்டோ எடுத்ததால் ‘ஸ்போர்ட்’ போய்விட்டது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஸ்டியரிங்கும் பாரக்குறைவும் மேனுவலிலும் ஓட்டோவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். காரை வளைத்துத் திருப்பும்போது வரும் அந்த உயிர்ப்பு கியர்ப் பெட்டியிலிருந்து வருவதில்லை.

டிக்கி சின்னது, அதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும்போது அம்மா கட்டித் தரும் பனங்கிழங்கும் ஒடியல் மாவும் மாம்பழப் பெட்டியும் பின் சீட்டில்தான் வரும்.


பழைய_ஸ்பானர் எழுதியது:

ஒரு இடம்தான் என்றால் என் பதில் மாறுகிறது. 33 ஓட்டோவை எடுங்கள்.

காரணம் கொழும்பு இல்லை, யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி. யாழ்ப்பாணம் இங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். புத்தளம், அநுராதபுரம் வழியாகப் போனாலும் வவுனியாவுக்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே ரோட்டுத்தான். ஓமந்தை தாண்டி இரவில் மாடுகள் ரோட்டில் வந்து படுத்திருக்கும், தாரின் சூட்டுக்கு. லைட் வெளிச்சத்தில் கறுப்பு மாடு கடைசி நேரத்தில்தான் தெரியும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கில் இருப்பவர் களைக்காமல் இருப்பது மூன்றாம் கியரைத் தானே போடுவதைவிட முக்கியம். பக்கத்தில் இருந்து கதைப்பவரால் உங்கள் கண்ணுக்கு ஓய்வு தர முடியாது. இரண்டு பேர் மாறி ஓடக்கூடிய வீட்டில் ஒருவரை மட்டும் ஓட வைக்கும் காரை நான் எடுத்துத் தர மாட்டேன்.

பெற்றோல் செலவிலும் பயப்பட ஒன்றும் இல்லை. ஜேசி08 என்ற ஜப்பானிய எரிபொருள் சோதனைக் கணக்கில் மேனுவல் லீற்றருக்கு 16.4, ஓட்டோ 16.2 கிலோமீற்றர். கொழும்பு நெரிசலில் இரண்டும் அதற்குக் கிட்ட வராது, வெளி ரோட்டில் கிட்ட வரும். டேங்க் 37 லீற்றர்தான், சின்னது. நிரப்பிக்கொண்டு போனால் யாழ்ப்பாணம் சேரலாம். 95 ஒக்டேன் பெற்றோல் ஊற்றுங்கள். இது ஜப்பானில் ஹை-ஒக்டேனுக்கு என்று செய்த எஞ்சின். 92 ஊற்றினால் கொம்பியூட்டர் இக்னிஷனைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றும், ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்த இழுவை அதோடு போய்விடும்.

இனி உங்கள் சரிவு. 33-இன் நில இடைவெளி 120 மில்லிமீற்றர். முன் பம்பரின் கீழ் உதடு சக்கரத்துக்கு நிறைய முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, தட்டுவது எப்போதும் அதுதான். முடிவெடுக்க முன் அந்தக் காரையே உங்கள் நிலக்கீழ்த் தளத்துக்கு ஓட்டி வரச் சொல்லுங்கள். நேராக இறங்காமல் கொஞ்சம் கோணமாக, ஒரு சில்லு முதலில் இறங்கும்படி எடுத்தால் பெரும்பாலும் தப்பும். இரண்டு பக்கமும் சுவர் இருந்து கோணம் எடுக்க முடியாவிட்டால் அதை அன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது. காரைத் தாழ்த்தும் லோவரிங் ஸ்பிரிங் போட்ட கார் என்றால் பார்க்கவே போக வேண்டாம்.

டயர் 195/45 ஆர் 17. அந்தக் கணக்கில் ரப்பர்ச் சுவரின் உயரம் 88 மில்லிமீற்றர் மட்டும். மழைக்காலத்தில் தண்ணீர் நிறைந்த குழியில் விழுந்தால் சுவரில் முட்டை மாதிரி வீங்கும், அப்படி வீங்கிய டயரோடு வரும் 33-கள் என் கராஜில் புதிதில்லை. சாதாரண ஸ்விஃப்ட் ஆர்எஸ் போட்டு வருவது 185/55 ஆர் 16. வெளிச் சுற்றளவு ஏறக்குறைய அதேதான், சுவர் மட்டும் 102 மில்லிமீற்றர். தினசரி ஓட்டத்துக்கு 16 அங்குல ரிம் ஒரு செட் போடுவது நல்ல யோசனை. ஆனால் வாங்க முன் முன் பிரேக் கலிப்பரில் முட்டுகிறதா என்று ஒரு சில்லை வைத்துச் சுற்றிப் பாருங்கள், எல்லா ரிம்மும் ஒரே வடிவம் இல்லை.

காரைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். போனில் முதலே சொல்லுங்கள், ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று. சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் போங்கள். குளிரில் ஸ்டார்ட் பண்ணி, பிரேக்கில் காலை வைத்து ஆர் (ரிவேர்ஸ்), பிறகு டி (டிரைவ்) போடுங்கள். ஒரு மெல்லிய அசைவு வரும், அது சரி. இடி மாதிரி வந்தாலோ, போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வந்தாலோ விட்டுவிடுங்கள். ஓடும்போது மெதுவாக அழுத்தி இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுவதைக் கவனியுங்கள், வழுக்கலும் உதறலும் இருக்கக் கூடாது.

டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி ஓடிய காரை விற்கும்போது பழையபடி மாற்றி வைப்பார்கள். பேப்பரில் தெரியாது, எயார் ஃபில்டர் பெட்டியின் திருகாணித் தலைகளில் தெரியும். டர்போவுக்குப் போகும் குழாய்களின் கிளிப்பில் ஸ்பானர் வழுக்கிய தடம் இருக்கிறதா பாருங்கள். சேர்விஸ் மட்டும் செய்த காரில் அந்தக் கிளிப்புகளை யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். ஜப்பான் ஏல அறிக்கையைக் கேட்டு, சேசி நம்பர் கொண்டு அது அந்தக் காருடையதுதானா என்று சரிபார்க்கவும். ஓட்டுநர் சீட்டின் வலப்பக்க மேடு தேய்ந்திருந்து மீற்றரில் ஓட்டம் குறைவாக இருந்தால் நான் சீட்டைத்தான் நம்புவேன்.

ஒயில் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுங்கள், கூட இழுக்காதீர்கள். குறுகிய தூரம், நிறைய நிறுத்தம், டர்போ, நேரடி எரிபொருள் செலுத்தல், எல்லாம் சேர்ந்தால் ஒயிலுக்குக் கடினமான வாழ்க்கை. இந்த எஞ்சினில் பெற்றோல் இன்லெட் வால்வைக் கழுவிக்கொண்டு போவதில்லை, நாளடைவில் கரி பிடிக்கும். யாழ்ப்பாணம் போய் வருவது போன்ற நீண்ட ஓட்டம் ஒயிலுக்கு நல்லது.


கடற்கரை_லேன் எழுதியது:

அண்ணா, ஓட்டோவைப் போய்ப் பார்த்தோம். மூன்று பேரும் போனோம். மகளுக்கு ஒன்பது வயது, பின்கதவை ஒரு கையால் திறந்துவிட்டாள். ரத்மலானை அக்காவுக்கு நன்றி, அதை நான் யோசித்தே இருக்கமாட்டேன்.

எஞ்சின் குளிராகத்தான் இருந்தது. ஆர், டி இரண்டும் அமைதி. எயார் ஃபில்டர் பெட்டியின் திருகாணிகளை டோர்ச் அடித்துப் பார்த்தேன், தலைகள் நல்ல கூராக இருந்தன. பின் சில்லு வளைவுக்குள் பார்த்தபோது துரு இல்லை, உடைமைக்காரர் மஹரகமவில், கடலுக்குத் தூரம். காரை எங்கள் தளம் வரை கொண்டுவரச் சம்மதித்தார். நேராக இறங்கியபோது கீழே முடியும் இடத்தில் உதடு இலேசாக உரசியது. இடப்பக்கம் ஒட்டிக் கோணமாக எடுத்தபோது உரசவில்லை. கணவர் மூன்று முறை ஏறி இறங்கிப் பழகிவிட்டார்.

பிறகு நான் ஓட்டினேன். மேனுவல் 33-ஐ முன்பே ஓட்டிப் பார்த்திருந்தேன், அது எனக்கு இன்னும் கூடப் பிடித்த கார் என்பதை மறைக்கவில்லை. ஆனால் பம்பலப்பிட்டியில் பஸ் ஒதுங்கி இடம் திறந்தபோது ஓட்டோவும் அந்த இடத்துக்குள் தயங்காமல் போனது. அந்த இழுவை எனக்குப் போதும். மதவாச்சிக்குப் பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்பதும் சின்ன விஷயம் இல்லை. முற்பணம் கொடுத்துவிட்டோம்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். டிக்கிக்குக் கீழே ஸ்பெயார் சில்லு இல்லை! ஒரு போத்தலும் சின்னப் பம்பும்தான் இருந்தன. ஏ9-இல் இரவில் காற்றுப் போனால் என்ன செய்வது?


பழைய_ஸ்பானர் எழுதியது:

ஜப்பானிய 33-க்கு ஸ்பெயார் சில்லு வருவதில்லை, அப்படித்தான் வரும். அந்தப் போத்தலில் இருப்பது ஓட்டையை அடைக்கும் திரவம். அதற்குக் காலாவதித் திகதி உண்டு, போத்தலிலேயே அச்சிட்டிருக்கும். 2018 காரோடு வந்த போத்தல் இதற்குள் காலாவதியாகியிருக்கும், புதிதாக ஒன்று வாங்குங்கள். அதுவும் ஆணி குத்திய ஓட்டைக்குத்தான் சரிவரும், சுவர் கிழிந்தால் வேலை செய்யாது.

நீங்கள் அந்தப் பக்கம் போகும் நாட்களில் ஒரு முழுச் சில்லைக் கொண்டுபோவதே நல்லது. நான் சொன்ன 16 அங்குல ரிம் செட் எடுத்தால் மிஞ்சும் 17 அங்குலச் சில்லு ஒன்றைப் பின் சீட்டுக் காலடியில் துணி சுற்றிப் படுக்க வைக்கலாம். சுற்றளவு கிட்டத்தட்ட ஒன்றென்பதால் ஊர் போய்ச் சேரப் பிரச்சினை இல்லை. ஜாக்கியும் சில்லுச் சாவியும் காரோடு வந்திருக்கிறதா என்று மிச்சக் காசு கொடுக்க முன் பாருங்கள், ஸ்பெயார் இல்லாத கார்களில் அவையும் பல நேரம் இருப்பதில்லை. பஞ்சிகாவத்தையில் பழைய ஸ்விஃப்ட் ஜாக்கி எடுக்கலாம். சில்லு நட்டுகளை எயார் கன்னால் இறுக்கியிருந்தால் ஒருமுறை கையால் தளர்த்தி, கையாலேயே திரும்ப இறுக்கி வையுங்கள். இரவில் ரோட்டோரம் நின்று நீங்களே கழற்றக்கூடிய அளவில் அவை இருக்க வேண்டும்.